எழுத்துக்கு ஏற்ற எழுதுகோல் எது?



எழுதுகோலுக்கு இஸ்லாம் அளித்துள்ள சிறப்பினைத் தாங்கள் அறிவீர்கள். திருமறையின் 68ஆவது அத்தியாயம் ‘அல்கலம்’ என எழுதுகோலின் பெயரையே தாங்கி நிற்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்களிலும், எழுதுகோலைக் கொண்டு இறைவன் கற்பித்த செய்தி இடம்பெற்றுள்ளது. இத்துணைப் பெருமை வாய்ந்த கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் போதிய கவனம் செலுத்துகிறோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் பலருக்கு எழுத்துக்கலையில் ஆர்வம் பிறந்திருக்கிறது. ‘பிஸ்மில்லாஹ்’வைத் தம் கையாலேயே எழுதி இல்லத்தில் மாட்ட வேண்டும் என அவர்கள் விரும்புகின்றனர். கடைக்குச் சென்றால், தூரிகைபோல் முனை அமைந்த ‘பிரஷ் பேனா’க்கள் பல வண்ணங்களில் கண்ணைப் பறிக்கின்றன. பெற்றோரும் விலையைப் பாராமல் வாங்கித் தருகின்றனர். ஆனால் எழுதத் தொடங்கினால், ஓரிடத்தில் வீங்கியும் ஓரிடத்தில் மெலிந்தும் எழுத்து உருக்குலைகிறது. ‘எனக்கு இக்கலை வாராது’ என்று பிள்ளை பேனாவை ஒதுக்கிவிடுகிறது. குறை கையில் இல்லை. எழுத்துக்கு ஒவ்வாத கருவியில் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்வார் இன்மையால் எத்தனையோ ஆர்வங்கள் முளையிலேயே கருகிவிடுகின்றன.

தூரிகையின் இயல்பு யாது? அழுத்தினால் கோடு தடிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் மெலியும். நாணலில் செய்யப்படும் அரபுக் கலத்தின் இயல்பு வேறு. அதன் முனை, உளியின் வாய்போல் தட்டையாகச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். அதை அழுத்த வேண்டியதில்லை. முனையை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு கையை நகர்த்தினால், செல்லும் திசைக்கேற்பக் கோடு தானே தடித்தும் மெலிந்தும் அமையும். தூரிகையை ஆள்வது அழுத்தம். கலத்தை ஆள்வது சாய்வு. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்துவிட்டால், தேர்வில் பாதி முடிந்தது எனலாம்.

பக்தாதில் வாழ்ந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, அரபு எழுத்துகளுக்கு அளவுமுறை வகுத்த பெருமைக்குரியவர். கலத்தின் முனையை ஒருமுறை தாளில் பதித்து இழுத்தால் சாய்சதுரப் புள்ளி ஒன்று தோன்றும். அப்புள்ளியே அளவுகோல். ‘ஸுலுஸ்’ என்னும் எழுத்துவகையில் அலிபின் உயரம் பொதுவாக ஏழு புள்ளிகள். ‘நஸ்க்’ வகையில் ஏறத்தாழ ஐந்து. 1298இல் மறைந்த யாகூத் அல்முஸ்தஃஸிமி, முனையை மேலும் சாய்வாக வெட்டி எழுத்துக்கு நளினம் சேர்த்தார் என்பர். பிரஷ் பேனாவின் கூர்முனையில் இப்புள்ளி திருத்தமாக விழாது. அளவுகோலே இல்லாதபோது அளவு எங்ஙனம் அமையும்?

ஆகவே ஸுலுஸும் நஸ்கும் பயில விரும்புவோர் நாணற்கலத்தையே நாடுக. ஈரான் நாட்டு திஸ்ஃபூல் பகுதியின் நாணல் இதற்குப் பெயர்பெற்றது. அது கிடைக்கவில்லையே என வருந்த வேண்டா. நன்கு உலர்ந்து முற்றிய மூங்கிலும் பயன்படும். சிறுவிரல் தடிப்பும் ஒரு சாண் நீளமும் உள்ள துண்டை எடுத்து, ஒரு முனையைக் கூரிய கத்தியால் சரிவாகச் சீவுக. இருபக்கங்களையும் செதுக்கி வேண்டிய அகலத்திற்குக் கொணர்ந்து, மை இறங்க நடுவே மெல்லிய பிளவு இடுக. பின்னர் முனையைக் கெட்டியான பரப்பின்மீது வைத்து, ஒரே அழுத்தில் சாய்வாக நறுக்குக. கத்தி கையாளும் இவ்வேலையைச் சிறுவர்க்குப் பெரியவர்களே செய்து கொடுத்தல் நலம். ஸுலுஸுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலமும், நஸ்குக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் பொருந்தும். புதிதாகப் பயில்வோர் அகன்ற முனையில் தொடங்குவது நன்று. பெரிய எழுத்தில் பிழை மறையாது, திருத்திக்கொள்வதும் எளிது. கலம் செய்ய இயலாதோர், உளிபோன்ற பட்டை முனையுடைய மார்க்கர் பேனாவைக் கொண்டு பழகலாம்.

அங்ஙனமாயின் தூரிகைக்கு இக்கலையில் இடமே இல்லையா? உண்டு. சீன நாட்டு முஸ்லிம்கள் தம் மண்ணின் தூரிகையைக் கொண்டே அரபு எழுத்தை வரைந்து, ‘ஸீனி’ என்னும் தனிப்பாணியை வளர்த்தனர். ஷான்டுங் மாநிலத்தில் 1963இல் பிறந்த ஹாஜி நூர்தீன் அவர்கள் அதனை உலகறியச் செய்தவர். அங்கே கருவிக்கேற்ப எழுத்தின் வடிவமே மாறியது என்பதை நோக்குக. ஸீனி வரைய விழைவோருக்கும், ஆங்கிலத்தையோ தமிழையோ அலங்காரமாக எழுத விழைவோருக்கும் பிரஷ் பேனா ஏற்றதே. ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்ட நம் தமிழெழுத்துக் கோடு பெரும்பாலும் ஒரே தடிப்பில் ஓடுவது. அதில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பதை எழுதுவோரே முடிவுசெய்துகொள்ளலாம்.

பிரஷ் பேனா வாங்குவோர் மூன்றினைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முனை. அழுத்தி வைத்த நார்முனையில், சிறியதும் சற்று விறைப்பானதுமே தொடக்கத்திற்கு உகந்தது. கை பழகிய பின்னரே மிக மென்மையான முனை வசப்படும். தூரிகைபோலத் தனித்தனி இழைகளால் ஆன முனை நெடுநாள் உழைக்குமாயினும், அதனை அடக்கி ஆளப் பயிற்சி மிக வேண்டும். இரண்டாவது, தாள். சொரசொரப்பான தாள் நார்முனையைப் பிய்த்துவிடும். வழவழப்பான தாளே வேண்டும். மூன்றாவது, மை. சாயத்தால் ஆன மை வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும். நிறமித்துகள் கலந்த மையே பொதுவாக நிலைத்து நிற்கும். ஒரு தாளில் சில கோடுகள் இட்டு, பாதியை மூடி, சில வாரங்கள் வெயிலில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். சுவரில் மாட்டிய இறைத்திருநாமம் நம் கண்முன்னே மங்கிப்போவதை எவர் மனம் தாங்கும்?

வாசகர்களே! இருபது வண்ணப் பேனாக்கள் அடங்கிய பெட்டியைக் காட்டிலும், எழுத்துக்குப் பொருந்திய ஒரே ஒரு கலமும் ஒரு கட்டுத் தாளும் பிள்ளைக்குப் பெரும்பேறு ஆகும். கடைக்குச் செல்லும்முன் ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கேளுங்கள்: ‘நீ எழுதப்போவது எந்த எழுத்து?’ அதற்குரிய விடையே எழுதுகோலைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சியது பொறுமையும் நாள்தோறும் செய்யும் பயிற்சியும்தான். அவற்றை விலைகொடுத்து வாங்க இயலாது. வல்ல இறைவனிடமே வேண்டிப் பெறுதல் வேண்டும்.