சட்டையில் மிஞ்சிய அணி

வார நாட்களில் ஊர் விழிக்கும் முன்பே மைக் முன்னால் உட்கார்ந்து பழகியவள் நான். ஞாயிற்றுக்கிழமையும் உடம்பு தூங்க விடாது. பசியாற எங்கள் தாமான் முனையிலுள்ள மாமாக் கடைக்குப் போனால், ஏழரை மணிக்கெல்லாம் சைக்கிள்காரர்கள் வந்து இறங்குவார்கள். கோத்தா திங்கி சாலையில் ஒரு சுற்று போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் ரொட்டி சானாய்க்குத் திரும்பிவிடும் கூட்டம். அவர்களில் ஓர் அண்ணன் எப்போதும் ஒரே சட்டையில் வருவார். நெஞ்சில் ‘குபெக்கா’ என்று பெரிதாக எழுதியிருக்கும்.

“இது என்ன கம்பெனிண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கம்பெனி இல்லம்மா, சைக்கிள் டீம். காசில்லாம மூடிட்டாங்க. அதனாலதான் சட்டை மலிவா கெடச்சுச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த அணியின் கதை எளிதில் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. அதில் நம் கெந்திங் மலைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

டூர் டி லங்காவி போட்டியில் 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒட்டுமொத்த வெற்றியாளர்கள் மலேசிய அணிகளிலிருந்தே வந்தார்கள். முதலாண்டு திரங்கானு அணிக்காக ரஷ்யாவின் ஆர்தெம் ஒவெச்கின். அடுத்த இரண்டு ஆண்டுகளும் சபுரா அணியின் முறை. 2019இல் ஆஸ்திரேலியாவின் பென் டைபால், 2020இல் இத்தாலியின் டனிலோ செலானோ. வெளிநாட்டுக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி ஜெயித்தோம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர்ப் பையன்களும் அதே அணியில்தானே மிதித்தார்கள்!

கெந்திங் ஏற்றத்தில் எல்லோரையும் உதறிவிட்டுப் போன டைபாலுக்கு அப்போது 30 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளோட்டத்தில் அது புது வாய்ப்பு தேடி வரும் வயதல்ல. ஆனாலும் வந்தது. 2020இல் ‘வேர்ல்ட் டூர்’ எனப்படும் முதல்தர வரிசையில் இருந்த என்.டி.டி. அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அண்ணன் அணிந்திருக்கும் சட்டை அதே அணியின் பிற்காலச் சட்டைதான்.

அணியின் தலைவர் டக் ரைடர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஓட்டிய தென்னாப்பிரிக்கர். ‘குபெக்கா’ என்பது அந்நாட்டு மக்கள் மொழியில் ‘முன்னேறு’ என்று பொருள்படும் சொல். அந்தப் பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அது பிள்ளைகளுக்குச் சைக்கிளைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. மரம் நட்டால், ஒழுங்காகப் படித்தால், உழைப்புக்குக் கூலியாகக் கொடுக்கும். அந்தப் பெயரை உலகச் சாலைகளில் சுமந்து போனதுதான் ரைடரின் அணி.

2015இல் எம்.டி.என். என்ற தொலைபேசி நிறுவனத்தின் பணத்தோடு அவர்கள் டூர் டி பிரான்ஸுக்குப் போனார்கள். ஆப்பிரிக்காவில் பதிவான அணி ஒன்று அங்கே கால் வைத்தது அதுவே முதல்முறை. எரித்ரியாவின் டேனியல் தெக்லெஹைமானோட், மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளிச் சட்டையை அணிந்த முதல் ஆப்பிரிக்கர் ஆனார். ஜூலை 18, மண்டேலா பிறந்த நாள். அன்று மாண்ட் நகரில் முடிந்த கட்டத்தை அந்த அணியின் ஸ்டீவ் கம்மிங்ஸ் ஜெயித்தார். மறு ஆண்டு டைமென்ஷன் டேட்டா என்ற பெயரில் முதல்தர வரிசைக்கு ஏறினார்கள். மார்க் கேவெண்டிஷ் அந்த ஆண்டு பிரான்ஸில் நான்கு கட்டங்களை வென்று, வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள் சட்டையும் போட்டார்.

பெயர் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனித்தீர்களா? எம்.டி.என்., டைமென்ஷன் டேட்டா, பிறகு அதன் தாய் நிறுவனமான ஜப்பானின் என்.டி.டி. பணம் கொடுப்பவரின் பெயரே அணியின் பெயர். சைக்கிளோட்டத்தின் வழக்கமே அதுதான்.

ஜொகூர்க்காரர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் சிரமம். நமக்கு அணி என்றால் ஜே.டி.டி. இஸ்கந்தர் புத்ரியில் சொந்த அரங்கம், டிக்கெட், சட்டை விற்பனை, கத்தித் தீர்க்கும் ரசிகர்கள். சைக்கிள் அணிக்கு அரங்கம் கிடையாது. ரோட்டோரம் நின்று பார்ப்பவரிடம் யார் டிக்கெட் கேட்க முடியும்? டூர் டி பிரான்ஸின் ஒளிபரப்புப் பணமும் அணிகளுக்குப் பங்கு பிரிக்கப்படுவதில்லை, ஏற்பாட்டாளரோடு நின்றுவிடும். முதல் பரிசு 5 லட்சம் யூரோ. அதையும் வென்றவர் கூட ஓட்டியவர்களோடு பகிர்ந்துகொள்வது மரபு. ஆனால் ஒரு முதல்தர அணியை ஓராண்டு நடத்தக் கோடிக்கணக்கான யூரோ வேண்டும். பேருந்து, மெக்கானிக், மருத்துவர், விமான டிக்கெட் எல்லாம் ஸ்பான்சரின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

2020இல் கோவிட். பந்தயங்கள் மாதக்கணக்கில் நின்றன. அணியின் ஜாக்கமோ நிட்சோலோ ஆகஸ்டில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அதே ஆண்டு முடிவில் என்.டி.டி. விலகிக்கொண்டது. கடைசி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் அசோஸ் என்ற உடை நிறுவனம் கைகொடுக்க, ‘குபெக்கா அசோஸ்’ என்று ஒட்டுப்போட்டு 2021ஐத் தொடங்கினார்கள்.

அந்த ஒட்டுப்போட்ட அணி இத்தாலியில் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மே 19 அன்று ஜிரோ போட்டியில் சுவிஸ் இளைஞர் மவ்ரோ ஷ்மித் ஒரு கட்டத்தை ஜெயித்தார். 21ஆம் தேதி நிட்சோலோ. 23ஆம் தேதி, கொட்டும் மழையில் விக்டர் கம்பெனார்ட்ஸ். ஐந்து நாளில் மூன்று வெற்றி. பெரிய பணக்கார அணிகளுக்கே வாய்க்காத வாரம் அது.

அடுத்த மாதம் நெக்ஸ்ட்ஹாஷ் என்ற கிரிப்டோ நிறுவனம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு வந்தது. சட்டையில் பெயர் ஏறியது. அணியைக் காப்பாற்றும் அளவுக்குப் பணம் வந்து சேரவில்லை. ஐந்தாண்டு என்றார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் ஓட்டிகள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 2022க்கான உரிமம் அணிக்குக் கிடைக்கவில்லை.

ஜெயித்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நிட்சோலோ இஸ்ரேல் அணிக்கும், கம்பெனார்ட்ஸ் லோட்டோவுக்கும், ஷ்மித் குவிக்-ஸ்டெப்புக்கும் போனார்கள். சம்பளம் தவறினால் கொடுப்பதற்கென்று முதல்தர அணிகள் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். ஆனால் அது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். அந்த வரிசையில் ஓர் ஓட்டியின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 40,000 யூரோ சொச்சம், நம் கணக்கில் ஏறக்குறைய 2 லட்சம் ரிங்கிட். நம் நாட்டு அணிகள் ஓடும் மூன்றாம் வரிசையில் ஆண்களுக்கு உலகச் சங்கம் குறைந்தபட்சச் சம்பளமே விதிக்கவில்லை. டைபாலும் செலானோவும் ஜெயித்த சபுரா சட்டையையும் இன்று பந்தயச் சாலையில் பார்க்க முடியாது.

ரைடர் விடவில்லை. 2023இல் கியூ36.5 என்ற இன்னோர் உடை நிறுவனத்தின் பெயரில் புது அணியோடு வந்தார். 2025இல் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் சாம்பியன் டாம் பிட்காக் அதில் சேர்ந்திருக்கிறார்.

போன வாரம் அண்ணனோடு அவர் மகனும் வந்திருந்தான். பதினேழு வயது. தொடையைப் பார்த்தாலே மிதிக்கிற பையன் என்று தெரிந்துவிடும். அவனை ஓர் அணி விசாரித்திருக்கிறதாம். நான் வாழ்த்துச் சொன்னதும் வெட்கப்பட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டான். அண்ணன்தான் பேசினார்.

“என்ன சைக்கிள் கொடுப்பாங்கன்னு இவன் கேட்டுட்டான். மாசம் எவ்வளவு, எத்தன வருஷம், பாதியில மூடுனா யாரு கொடுப்பான்னு நான் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.”

பையன் இரண்டாவது ரொட்டி சானாய்க்குக் கை காட்டினான்.