ஈரெழுத்தில் ஒரு நாடு

பெயர்ச்சொற்களைப் பகுத்த நம் இலக்கண நூலார் இடுகுறி என்றும் காரணம் என்றும் இரு வகை கூறினர். உலக நாடுகளுக்கு இன்று வழங்கும் ஈரெழுத்துக் குறிகளை இவற்றுள் எவ்வகையிற் சேர்ப்பது? சிறிது ஆராய்வோம்.

1974ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட பட்டியலே இக்குறிகளுக்கு மூலம். நம் நாட்டின் 'எல்.கே.' லங்கா என்னும் பெயரிற் பிறந்தது. சுவிற்சர்லாந்தின் 'சி.எச்.' அந்நாட்டின் இலத்தீன் பெயரைத் தழுவியது. ஐக்கிய இராச்சியத்தின் 'ஜீ.பி.' பெரிய பிரித்தானியாவைச் சுட்டுவது; ஆயினும் வட அயர்லாந்தும் அதனுள் அடங்கும். ஆகவே, பிறப்பாற் காரணப் பெயராயினும் வழக்கில் இவை இடுகுறிகளே.

1988இல் வகுக்கப்பட்ட 'எக்ஸ்.500' என்னும் பெயரேட்டு முறையில் நாட்டுக்குறி உச்சியில் நிற்கும். அதன்கீழ் நிறுவனமும், நிறுவனத்தின்கீழ் ஆளும் அமைவர். அக்குறி, பெயருக்குரியவர் உறையும் நாட்டையும் சுட்டலாம். வேறு முக்கிய வகையில் அவரோடு தொடர்புடைய நாட்டையும் சுட்டலாம். விதியே இவ்விரண்டுக்கும் இடந்தருகின்றது.

இணைய முகவரி எண்களைப் பங்கிடும் வட்டாரப் பதிவகங்கள் ஐந்து. நமக்குரியது அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ளது. அங்குள்ள ஏட்டில் ஓர் எண்ணுக்கு எதிரே ஒரு நாட்டின் குறி இருப்பதனால், அவ்வெண்ணைத் தாங்கிய கணனியும் அந்நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. எண்ணைப் பெற்ற நிறுவனம் ஒரு நாட்டிலும், அது இயங்கும் இடம் பிறிதொரு நாட்டிலும் இருத்தல் கூடும்.

இவ்வேறுபாட்டை எண்ணாது, குறியைக் கண்ட மாத்திரத்தே ஆளின் இருப்பிடத்தை முடிவு கட்டுவாரும் உளர். அதனால் வீட்டிலிருந்தே பணம் அனுப்ப முயல்பவர் அயல்நாட்டாராகக் கருதப்பட்டுத் தடுக்கப்படலாம். மாணவனுக்கு உரிய பாடம் மறுக்கப்படலாம்.

சாகோஸ் தீவுகளுக்குரிய 'ஐ.ஓ.' என்னும் குறியையும் நோக்குக. அங்கு வாழ்ந்த மக்களைப் பிரித்தானிய அரசு 1973ஆம் ஆண்டளவில் முற்றாக வெளியேற்றியது. பின்னர் அக்குறி இணையப் பெயர்களின் ஈறாகி, எங்கெங்கோ உள்ள கணனி நிறுவனங்கள் விரும்பி வாங்கும் பண்டமாயிற்று. அப்பெயர்களைக் கண்டு அத்தீவையோ அம்மக்களையோ நினைப்பவர் மிகச் சிலரே.

குறியின்றிப் பதிவேடு நடவாது என்பது உண்மையே. ஆயினும் பதிவேட்டை நோக்கி ஒருவருக்கு உரியதை மறுக்க முற்படும் அலுவலர், முதலில் அவரையே ஒரு வார்த்தை கேட்பாராக. அவர் எங்கிருக்கிறார் என்பதை அவ்விரண்டு எழுத்துகளினும் அவரே நன்கு அறிவார்.