பேர் பெரிது, படம் எப்படி?



குடும்பத்தோடு படம் பார்க்கப் போவது நம் மக்களுக்குச் சின்னக் காரியம் அன்று. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் போதும், காசு செலவில்லை. இன்று அப்படி முடியுமா? நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் பாலத்தைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டுமானால், முதலில் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதத்திற்கு 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம் வரும். நான்கு பேருக்கு டிக்கெட், போக்குவரத்து, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று கூட்டிப் பாருங்கள். ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு அதில் போய்விடும்.

இப்படிச் செலவு செய்து பார்த்த படம் மனத்தில் ஒட்டாமல் போனால் என்ன செய்கிறோம்? வீடு திரும்பும் வழியில் சின்னப் பிள்ளை, "படம் நல்லா இல்லப்பா" என்று சொன்னால், "எவ்வளவு பெரிய ஆள் படம், உனக்கு என்ன தெரியும்? பேசாமல் வா" என்று அடக்கிவிடுகிறோம். இந்தப் பழக்கம் சரிதானா? பேர்பெற்றவர்கள் கூடிச் செய்த படம் ஏன் சில சமயம் ஏமாற்றமாக முடிகிறது? இவற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் 'கோச்சடையான்' என்ற படம் வெளிவந்தது. கதாநாயகர் ரஜினிகாந்த். இயக்கியவர் அவருடைய மகள் சௌந்தர்யா. கதை, வசனம் கே.எஸ். ரவிகுமார், இசை ஏ.ஆர். ரஹ்மான். தயாரிப்பில் ஈராஸ் என்ற பெரிய நிறுவனத்திற்கும் பங்குண்டு. தீபிகா படுகோன், ஷோபனா, சரத்குமார், நாசர் எனப் பலர் நடித்திருந்தார்கள். 2009இல் மறைந்த நாகேஷைக்கூடக் கணினியின் துணையால் மீண்டும் திரையில் உலவ விட்டிருந்தார்கள். சிறுவர் முதல் பெரியவர் வரை சேர்ந்து பார்க்கத்தக்க அரசர் காலத்துக் கதை. இத்தனையும் இருந்தும் பார்த்தவர்களில் பலர், பாட்டு நன்றாக இருக்கிறது, குரல் நன்றாக இருக்கிறது, கதையும் பரவாயில்லை, ஆனால் உருவங்கள்தாம் பொம்மை போல இருக்கின்றன என்றார்கள். பத்திரிகைகளின் விமரிசனங்களிலும் இந்தக் குறை எழுந்தது.

அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டுமானால், இத்தகைய படங்களைச் செய்யும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் கார்ட்டூன் படம் என்று சொல்வதை அசைவூட்டப் படம் என்றும் சொல்வார்கள். அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டினால், நம் கண்ணுக்கு அவை அசைவது போலத் தோன்றும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரண்டு மணி நேரத்திற்கு எத்தனை என்று உங்கள் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 172,800 என்று விடை வரும். பழைய முறையில் இவற்றைக் கையால் வரைந்தார்கள். ஒரே படத்தை இரண்டு முறை காட்டிப் பாதி வேலையைக் குறைப்பதும் உண்டு. அப்படியும் பல்லாயிரம் படங்கள் வரைய வேண்டும்.

கோச்சடையானில் கையாண்டது வேறு முறை. நடிகர் உடலோடு ஒட்டிய ஓர் உடையை அணிந்துகொள்வார். அதில் ஆங்காங்கே சிறு குறிகள் பொருத்தப்பட்டிருக்கும். சுற்றிலும் உள்ள காமிராக்கள் அந்தக் குறிகளின் அசைவை மட்டும் பதிவு செய்து கணினிக்கு அனுப்பும். நடிகர் கையைத் தூக்கினால் கணினியில் உள்ள உருவமும் கையைத் தூக்கும். இதை அசைவுப் பதிவு முறை எனலாம். கோச்சடையானுக்காக 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் இந்தப் பதிவு தொடங்கியது.

இங்கே ஒரு செய்தியை நன்றாகக் கவனிக்க வேண்டும். கணினிக்குக் கிடைப்பது நடிகருடைய அசைவின் எலும்புக்கூடு மட்டுமே. அதன்மேல் தசையை வைப்பதும், தோலைப் போர்த்துவதும், தலைமயிரைக் காற்றில் பறக்கவிடுவதும், பட்டாடைக்கு மடிப்பு வைப்பதும், கண்ணில் ஒளியை ஏற்றுவதும் கலைஞர்களின் வேலை. அதற்குக் காலம் வேண்டும், பணம் வேண்டும், பழகிய கைகள் வேண்டும். இதே முறையைப் பெருமளவில் கையாண்டு 2009இல் அமெரிக்காவிலிருந்து வந்த 'அவதார்' படத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 23 கோடியே 70 இலட்சம் டாலர் என்பார்கள். இந்தியப் படம் எதுவும் அந்நாளில் அப்படிப்பட்ட செலவைக் கனவிலும் நினைக்க முடியாது. கோச்சடையானோ, பதிவு தொடங்கிய இரண்டு ஆண்டு சொச்சத்தில் திரைக்கு வந்துவிட்டது.

நம் செம்பனைத் தோட்டத்து வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்த பிறகுதான் குலையை அறுக்க வேண்டும். காயாக இருக்கும்போதே அறுத்தால், குலை பார்வைக்குப் பெரிதாக இருக்கும், எடையும் இருக்கும். ஆலைக்குப் போனால் எண்ணெய் குறைந்திருக்கும். படத்தின் கதையும் அப்படித்தான். பழுக்குமுன் அறுத்ததை விளம்பரத்தால் பழுக்க வைக்க முடியாது.

சிலர் கேட்கலாம்: பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் கார்ட்டூன் படம் இதைவிட எளிமையானது, அதைப் பார்த்து நாம் குலுங்கச் சிரிக்கிறோம். அவ்வளவு உழைத்துச் செய்த மனித உருவத்தைப் பார்த்தால் மட்டும் ஏன் மனம் ஒட்டவில்லை?

நல்ல கேள்வி. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1970ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். அவர் இயந்திர மனிதர்களை ஆராய்ந்தவர். ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடுகிறது. ஆனால் ஏறக்குறைய மனிதனாகவே ஆகி, ஏதோ ஒன்று மட்டும் குறையும்போது, பிரியம் சட்டென்று விழுந்து ஒருவிதக் கூச்சம் உண்டாகிறது என்றார் அவர். பூனையை நாம் பூனைப் படமாகவே ஏற்றுக்கொள்கிறோம். மனித முகமோ நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகியது. தாயின் கண்ணைப் பார்த்தே அவள் கோபமாக இருக்கிறாளா, கவலையாக இருக்கிறாளா என்று கைக்குழந்தையும் அறிந்துகொள்கிறது. அந்தக் கண்ணில் உயிர் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும். அதுவும் ரஜினிகாந்தின் முகம் தமிழர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய முகம். அதில் மயிரிழை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவோம். 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த 'போலார் எக்ஸ்பிரஸ்' என்ற பிள்ளைகள் படத்திலும், கண்களில் உயிரில்லை என்று இதே குறையைச் சொன்னார்கள். ஆகவே இது தமிழனுக்குத் திறமை போதாது என்பதால் வந்த குறை அன்று. அந்த முறையிலேயே உள்ள சிக்கல் அது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். படத்திற்குக் கதைதான் சுவர். கோச்சடையானில் சுவர் இருந்தது, சித்திரம் முழுமை பெறவில்லை. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சித்திரக்காரர்கள் உலகத்திலேயே சிறந்தவர்களாக இருப்பார்கள், ஆனால் சுவர் நேராக நிற்காது.

கார்ட்டூன் என்றாலே உலகம் வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தைத்தான் நினைக்கும். அந்த நிறுவனம் 1985இல் 'தி பிளாக் கால்ட்ரன்', அதாவது கறுப்புக் கொப்பரை, என்ற படத்தை வெளியிட்டது. செலவு சுமார் 4 கோடியே 40 இலட்சம் டாலர். அந்நாளில் இது மிகப் பெரிய தொகை. ஐந்து நூல்களாக அமைந்த ஒரு நெடுங்கதையிலிருந்து எடுத்த கதை அது. பல ஆண்டுகள் இழுத்த வேலையின் முடிவில், சின்னப் பிள்ளைகளுக்கு இது பயங்கரமாக இருக்கும் என்று நிறுவனத்துப் பெரியவர்களே அஞ்சி, சில நிமிடங்களை வெட்டினார்கள். பெரியவர்களுக்கும் ஒட்டாமல், சிறியவர்களுக்கும் ஒட்டாமல் படம் நடுவில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை. பெரிய பேர் அந்தப் படத்தைக் காப்பாற்றவில்லை.

குறையைத் தாமே கண்டு திருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி' படத்தின் இரண்டாம் பாகத்தைச் செய்துகொண்டிருந்தபோது, கதை மனத்தைத் தொடவில்லை என்று உணர்ந்தது. வெளியிடச் சுமார் ஒன்பது மாதமே இருந்த நிலையில் கதையைப் பெரும்பாலும் மாற்றி அமைத்தார்கள். 1999இல் வெளிவந்த அந்தப் படம் எல்லாராலும் பாராட்டப்பட்டது. ஆனால் அதற்கு விலை இல்லாமல் இல்லை. இரவு பகலாக வேலை செய்ததால் கலைஞர்கள் பலருக்குக் கை நரம்பு நோய் வந்தது. நாம் இரண்டு மணி நேரம் சிரித்துப் பார்க்கும் படத்தின் பின்னாலும் தொழிலாளியின் கை இருக்கிறது. உழைக்கும் மக்களாகிய நாம் இதை மறக்கலாகாது. படத்தின் குறையைச் சொல்லலாம். அதில் உழைத்தவர்களை ஏளனம் செய்யக்கூடாது.

பணமும் பேரும் இல்லாமல் நல்ல படம் செய்ய முடியாதா என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சருகுமான் முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடந்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அந்தச் சருகுமானைக் கதாநாயகனாக வைத்து 'ஹிக்காயாத் சாங் காஞ்சில்' என்ற குறும்படம் பிலிம் நெகாராவில் உருவாயிற்று. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதை உருவாக்கியவர் அங்கே பணிபுரிந்த ஆனந்தம் சேவியர். 1978இல் தயாராகி 1983இல் ஒளிபரப்பானது. பின்னாளில் நம் நாட்டுக் கலைஞர்கள் 'உப்பின் இப்பின்' போன்ற தொடர்களால் வெளிநாடுகளிலும் பேர் வாங்கினார்கள் என்றால், அந்தப் பாதையின் தொடக்கத்தில் ஆனந்தம் சேவியரின் பெயர் இருக்கிறது.

இனி, பெற்றோர்கள் என்ன செய்யலாம்?

பிள்ளை ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதட்டாதீர்கள். அதோடு விட்டுவிடவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: எந்த இடத்தில் உனக்குச் சலிப்பு வந்தது? இரண்டாவது: கதை பிடிக்கவில்லையா, கதையைக் காட்டிய விதம் பிடிக்கவில்லையா? மூன்றாவது: நீ செய்திருந்தால் எதை மாற்றியிருப்பாய்? "நல்லா இல்ல" என்று ஒரே சொல்லில் முடிப்பது எளிது. ஏன் நன்றாக இல்லை என்று காரணம் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை பள்ளிக் கட்டுரையிலும் காரணம் சொல்லும். கடையில் பொருள் வாங்கும்போதும், வேலைக்குச் சேரும் தாளில் கையெழுத்துப் போடும்போதும் அது கேள்வி கேட்கும். சொல்பவர் யாராக இருந்தாலும் பொருளின் உண்மையைக் காண்பதே அறிவு என்றார் வள்ளுவர். அந்த அறிவுக்குச் சினிமாக் கொட்டகையும் ஒரு பள்ளிக்கூடம்தான்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம், காசு வேண்டாம். எழுதி முடித்த பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பந்தை வரையச் சொல்லுங்கள். அடுத்தடுத்த தாளில் பந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கட்டும். தரையைத் தொடும் தாளில் சற்றே சப்பையாகட்டும். பிறகு மேலே எழும்பட்டும். 24 தாள் வரைந்து, விரலால் வேகமாகப் புரட்டினால் பந்து துள்ளும். ஒரு நொடிப் படத்திற்கு இத்தனை உழைப்பா என்று பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும். சப்பையாக்காமல் வரைந்த பந்து கல்லைப் போல விழுவதையும், சப்பையாக்கிய பந்து உயிரோடு துள்ளுவதையும் கண்ணாலேயே காணும். உயிர் எங்கே இருக்கிறது என்ற இரகசியம் அப்போது அதற்குப் பிடிபடும். யார் கண்டார்கள், அந்தப் புத்தக மூலையிலிருந்தே இன்னோர் ஆனந்தம் சேவியர் புறப்பட்டாலும் புறப்படலாம்.

பெரிய பேரை மதிப்போம். நம் கண்ணையும் நம் பிள்ளைகளின் கண்ணையும் அதே அளவு மதிப்போம்.