‘ஸ்கூல்’ ஏன் ‘இஸ்கூலு’ ஆகிறது?



எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி. ஒரு மாணவி ‘பினாங்கு இஸ்டேட்’ என்றாள். “எந்த எஸ்டேட்?” என்று கேட்டான் எதிரில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. அவள் சொல்ல வந்தது ‘ஸ்டேட்’, அதாவது மாநிலம். கேட்டவன் காதில் விழுந்ததோ தோட்டம்! அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

இது அறிவுக் குறைவு இல்லைங்க. நம் இலக்கணமே காரணம் சொல்கிறது. தமிழில் மெய்யெழுத்து தனியாகச் சொல்லுக்கு முதலில் வராது. நன்னூல் காட்டும் மொழிமுதல் எழுத்துகளில் பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய பத்தின் உயிர்மெய்யும்தான் உண்டு. அதனால்தான் ராமன் ‘இராமன்’ ஆனான்; ‘ஸ்தலம்’ ஸ் இழந்து ‘தலம்’ ஆனது. சொல்லின் கடைசியிலும் அப்படித்தான். பேச்சில் பால் ‘பாலு’, கால் ‘காலு’. முன்னால் ஓர் இ, பின்னால் ஓர் உ. ஓரசைச் சொல்லான ‘ஸ்கூல்’ இப்படித்தான் மூவசை ‘இஸ்கூலு’ ஆகிறது.

நாம் மட்டுமா? போர்த்துகீசியர் ‘எஸ்கோலா’ என்று முன்னால் எ சேர்த்தார்கள். அதிலிருந்து வந்த மலாய்ச் சொல் ‘செகோலா’; அங்கே ஸ், க் இரண்டுக்கும் நடுவில் உயிர் புகுந்தது.

சரி, எப்படித் திருத்துவது?

1. ‘மை ஸ்கூல்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘மை’யின் உயிரொலி முன்னால் இருப்பதால் இ தேவைப்படாது.
2. அதையே ‘மைஸ்–கூல்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறகு ‘மை’யை மெல்லக் குறைத்து, மனத்துக்குள் மட்டும் சொல்லுங்கள்.
3. டயரில் காற்று இறங்குவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, நிறுத்தாமல் ‘கூல்’ சேருங்கள்.
4. ‘ல்’ சொன்னதும் நாக்கை அங்கேயே நிறுத்துங்கள், உ வராது.

இன்னொரு நல்ல செய்தி. ஆங்கிலேயர் ‘கூல்’ என்னும்போது ககரத்தோடு மூச்சுக்காற்றும் வெளிவரும். ‘ஸ்கூல்’ என்னும்போது வராது. அது நம் ‘கூடு’, ‘கூரை’யில் உள்ள அதே க. அதைப் புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை.

ஸ்டாப், ஸ்ட்ரீட், ஸ்பீக், ஸ்டூடண்ட் எல்லாவற்றுக்கும் இதே பயிற்சிதான். ஆனால் ‘எஸ்டேட்’டில் உள்ள எ அந்தச் சொல்லுக்கே உரியது, திருத்துகிறேன் என்று அதையும் வெட்டிவிடாதீர்கள்!

ஆசிரியர்களே, மொழிமுதல் எழுத்து நடத்தும் அன்றே இதையும் பத்து நிமிடம் செய்து பாருங்கள். காரணம் தெரிந்த பிள்ளை கூச்சப்படாது. அந்த மாணவியும் இப்போது பேசுகிறாள்.