மண்ணுக்குள் போகும் பணம்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று பழமொழி பேசி மிரட்டி வைத்திருக்கிறார்கள் நம் மக்களை! ஆலையிலே, பணிமனையிலே உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான்கு காசு சேர்த்த தோழன், தனக்கென்று ஒரு கூரை வேண்டும் என்று எண்ணுவது பேராசையா? வாடகைக்காரன் என்பதாலேயே குழாயடியில் ஏச்சு வாங்கியவனைக் கேட்டால் தெரியும். ஆகவே, கட்டுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். எதை எதிர்பார்த்துக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

முதலில் மனை. தாய்ப்பத்திரம், பட்டா, முப்பதாண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் தரலாகாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததே, நினைவிருக்கிறதா? விற்றவர் பைக்குப் பணம் எப்போதோ போய்விட்டிருந்தது. வாங்கியவர்தான் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் மீண்டும் கட்டணம் கட்டினார். வரைபட அனுமதிக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்து இணையவழியில் அனுமதி பெறலாம்.

அடுத்தது கடைக்கால். மூலை பார்க்க ஒருவரைத் தேடிப்போய்த் தட்சணை வைப்பவர், மண்ணைப் பார்க்கப் பொறியாளரைக் கூப்பிடுங்கள் என்றால், அது வீண் செலவு என்கிறார்! கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைக் கேளுங்கள், எது வீண் செலவு என்று அது சொல்லும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், மேலே நிற்கும் சுவரையும் சேர்த்துப் பிளக்கும். செம்மண்ணுக்குப் போட்ட கணக்கு அங்கே செல்லாது. வீடு பார்க்க வரும் உறவினர் எவரும் கடைக்காலைப் பாராட்டப் போவதில்லை. தேக்குக் கதவைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கதவை அடுத்த ஆண்டு மாற்றலாம், தோழர்களே! கடைக்காலை மாற்ற முடியுமா?

தளம் போடும் நாள் வீட்டுக்கே திருநாள். அன்றுதான் கண் விழித்திருக்க வேண்டும். கலவை எளிதாக ஓடட்டும் என்று தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுவார்கள். இளகிய கலவை இளைத்த கலவை! கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் கட்டை வைக்காவிட்டால், கம்பி துருவேறி, தளம் பெயர்ந்து தலையில் விழும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. எந்த வகை என்பது மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். மேஸ்திரிக்கு ஞாயிறு விடுமுறை. சிமெண்டின் தாகத்துக்கு விடுமுறை ஏது? குடம் எடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

வங்கிக் கடன் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை நடந்த அளவுக்கே வரும். வட்டியோ முதல் தொகையிலேயே ஓடத் தொடங்கிவிடும். பழைய வீட்டு வாடகையும் நிற்காது. இரண்டு சுமை, ஒரே முதுகு! சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தத்தில் ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, மழைநீர்ச் சேகரிப்பு இவை அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நடக்காத வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கையில் காசு தீர்ந்தால் பூசாத சுவரோடு குடியேறுங்கள். அதிலே என்ன அவமானம்? கந்துவட்டிக்கு வாங்கிப் பூசுவதுதான் ஆபத்து.

இன்னொன்று. நேற்றுவரை கூலி கேட்டு நின்றவர், கடைக்கால் தோண்டிய அன்றே கூலி கொடுப்பவராகிறார். சனிக்கிழமை மாலை, கல் சுமந்த சித்தாள் அம்மையிடம் ‘திங்களன்று பார்க்கலாம்’ என்று சொல்லும் முதலாளியாக நம் தோழர் மாறலாமா? கட்டுமானத் தொழிலாளர்க்கென்று 1994-இல் அமைந்த நல வாரியம் இருக்கிறது. விபத்துக்கு இழப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதில் ஓய்வூதியம் எல்லாம் உண்டு, பெயர் பதிந்திருந்தால்! சாரத்தில் ஏறுகிறவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால், பக்கத்தில் உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.