வளைகுடா மணலில் சூதுபவளம்

எண்ணெய் வளத்தால் இன்று உலகம் அறிந்துள்ள வளைகுடா நாடுகள், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல் வணிகத்தால் புகழ் பெற்றிருந்தன. அவ்வணிகத்தின் சான்றுகளாக எஞ்சியுள்ள பொருள்களுள் மிகச் சிறியது ஒரு சிவப்புக் கல்மணி. மேலைநாட்டார் அதனைக் கார்னீலியன் என்பர். அரபு மக்கள் அகீக் என்பர். தமிழில் அதன் பெயர் சூதுபவளம். பெயரில் பவளம் இருப்பினும் இது கடலில் விளைவதன்று. குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த கல்லே அது. அதிலுள்ள இரும்புச் சேர்மங்களே செந்நிறத்தை அளிக்கின்றன.

கல்லறைகள் தரும் சான்று

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் இக்கல்லின் வரலாறு மிகத் தொன்மையானது. ஷார்ஜாவின் உட்பகுதியிலுள்ள ஜெபல் அல் புஹைஸ் குன்றடியில், கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இடுகாடு ஒன்று அகழப்பட்டது. கால்நடை மேய்த்து வாழ்ந்த அம்மக்கள், இறந்தோரைச் சிப்பி மணிகளாலும் கல்மணிகளாலும் அணிசெய்து புதைத்தனர். அம்மணிகளுள் சூதுபவளமும் உண்டு.

அபுதாபிக்கு அருகிலுள்ள உம் அல் நார் தீவில் 1959ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் அகழாய்வைத் தொடங்கினர். வட்டவடிவக் கற்கல்லறைகளில் பலர் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். கி.மு. 2600 முதல் 2000 வரை நிலவிய இப்பண்பாட்டுக்குரிய கல்லறைகளில், வெண்கோடுகள் தீட்டிய சூதுபவள மணிகளும் கிடைத்தன. பஹ்ரெய்னின் பண்டைய புதைமேடுகளிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. அப்புதைமேடுகளை 2019இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தீயும் துளைக்கருவியும்

வெண்கோட்டு மணிகள் சிந்துவெளிக் கைவினைஞரின் தனித்திறனாகக் கருதப்படுகின்றன. குஜராத்தில் கிடைத்த மூலக்கல்லை முதலில் வெயிலில் உலர்த்தினர். பின்னர் மட்பாண்டத்தில் இட்டு மெல்லிய நெருப்பில் சுட்டனர். மங்கிய பழுப்புக் கல் இவ்வாறே செந்நிறம் பெற்றது. கார உப்புக் குழம்பால் கோலமிட்டு மீண்டும் சுட்டபோது வெண்கோடுகள் நிலைபெற்றன. நீண்ட மணிகளுக்குத் துளையிடுவதே கடினமான பணி. ஒரு மணிக்கே பல நாள் உழைப்புத் தேவைப்பட்டது. சிந்துவிலுள்ள சன்ஹுதாரோவில் 1935-36இல் நடந்த அகழாய்வு, இத்தகைய மணிப்பட்டறைகளை வெளிக்கொணர்ந்தது. குஜராத்தின் கம்பாத் நகரில் இக்கைத்தொழில் இன்றும் வாழ்கிறது.

எனினும், வளைகுடாவில் கிடைக்கும் ஒவ்வொரு செம்மணியும் இந்தியாவிலிருந்து வந்ததெனக் கொள்ளலாகாது. அராபியத் தீபகற்பத்திலும் ஈரானிலும் இக்கல் உண்டு. எனவே தொழில்நுட்பத்தையும் கல்லின் வேதியியற் கூறுகளையும் கொண்டே ஆய்வாளர்கள் அதன் பிறப்பிடத்தைக் கணிக்கின்றனர்.

மெலுஹா ஊரார்

அக்காலத்து மெசப்பொத்தேமிய ஆவணங்கள் மூன்று நாடுகளைக் குறிப்பிடுகின்றன: தில்முன், மாகன், மெலுஹா. தில்முன் இன்றைய பஹ்ரெய்ன். மாகன் இன்றைய ஓமானும் அதனையடுத்த எமிரேட்ஸ் பகுதியும். மெலுஹாவைச் சிந்துவெளி என்றே பெரும்பாலான அறிஞர் கொள்வர். இம்மூன்று நாட்டுக் கலங்களும் தன் தலைநகரின் துறையில் நங்கூரமிட்டதாக அக்காத் மன்னன் சார்கோன் பெருமை பேசினான். லகாஷ் நகர ஆட்சியாளன் குதேயாவின் எழுத்துப் பதிவோ, மெலுஹாவிலிருந்து சூதுபவளம் வந்ததைக் குறிப்பிடுகிறது.

பொருளோடு மனிதரும் பெயர்ந்தனர். பாரிஸின் லூவர் நூதனசாலையிலுள்ள உருளை முத்திரை ஒன்று, மெலுஹா மொழிபெயர்ப்பாளன் சு-இலிசு என்பவனுக்கு உரியது. அந்நிய மொழியினரின் குறையை அரசவையில் எடுத்துரைக்க அன்றும் ஒருவர் தேவைப்பட்டார் போலும். கி.மு. 2100க்கும் 2000க்கும் இடைப்பட்ட சுமேரியக் களிமண் பலகைகள், லகாஷ் பகுதியில் ‘மெலுஹா ஊர்’ ஒன்று இருந்ததைப் பதிவுசெய்கின்றன. அவ்வூருக்கென ஒரு தானியக் களஞ்சியமும் இருந்தது. ஆயின் அவ்வூரார் எனப் பதிவாகியுள்ளோரின் பெயர்கள் சுமேரியப் பெயர்களே. சில தலைமுறைகளுக்குள் அவர்கள் வந்த மண்ணின் வழக்கோடு கலந்துவிட்டனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சிந்துவெளி எழுத்து இன்றுவரை ஐயமறப் படிக்கப்படாமையால், அவர்களது தாய்மொழி எதுவென்று உறுதியாகக் கூற இயலாதுள்ளது.

தமிழர் தொடர்பு

பிற்காலத்தில் தமிழகமும் இக்கல்லின் வணிகத்தில் இடம்பெற்றது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மணிப்பட்டறைகள் இருந்தமை அகழாய்வில் தெரியவந்தது. அங்குள்ள பெருங்கற்காலக் கல்லறைகளில் சூதுபவள மணிகள் மிகுதியாகக் கிடைத்தன. எமது யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் இம்மணிகள் கிடைத்துள்ளன.

ஓமானின் தென்பகுதியிலுள்ள கோர் ரோரி பண்டைய சாம்பிராணித் துறைமுகமாகும். அங்கு 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் அவ்வெழுத்துகள் ‘ணந்தை கீரன்’ எனப் படிக்கப்பட்டுள்ளன. கீரன் என்பது சங்ககாலத்தில் பெருவழக்கிலிருந்த பெயர். நக்கீரன் என்னும் பெயரில் அது இன்றும் எமக்குப் பழக்கமானதே.

மெலுஹா ஊரார் மெசப்பொத்தேமியாவுக்குக் கொணர்ந்த மணிகளை இன்று நூதனசாலைகளில் காணலாம். அவர்கள் வீட்டில் பேசிய மொழியை அறிய வழியில்லை. கோர் ரோரியின் பானையோடு விலைமதிப்பற்ற மணியன்று, உடைந்த மண் துண்டே. ஆயினும் அதற்குரியவன் தமிழன் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் அறிகிறோம். அவன் தன் பெயரைத் தன் மொழியில் எழுதிவைத்தமையே அதற்குக் காரணம். அந்நிய மண்ணில் பிள்ளைகளை வளர்க்கும் எமக்கு இவ்விரு சான்றுகளும் சிந்தனைக்குரியன.