ராயர் கண்ட வில்லிபுத்தூர்

வரலாற்றுப் புனைவு எங்கே பலம் பெறுகிறது, எங்கே வழுக்குகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்ட புகழ்பெற்ற காவியம் ஒன்று தெலுங்கில் இருக்கிறது. எழுதியவர் ஒரு பேரரசர். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், பெரியாழ்வார், ஆண்டாள் கதையை ‘ஆமுக்தமால்யதா’ என்ற பெயரில் பாடினார். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கியதாகவும், அங்குள்ள ஆந்திர விஷ்ணு கனவில் வந்து எழுதச் சொன்னதாகவும் அவரே தொடக்கத்தில் சொல்கிறார்.

ஆண்டாள் காலம் எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு. திருப்பாவை சொல்லும் கிரக நிலையை வைத்துக் கணக்கிட்ட மு. ராகவையங்கார் 731ஆம் ஆண்டைச் சுட்டினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ராயருக்கும் ஆண்டாளுக்கும் நடுவே சுமார் 700 ஆண்டுகள். சோழன் ராஜராஜனைப் பார்த்து, ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி நின்ற தூரத்தைவிட இது குறைவு; ஆனாலும் நீண்ட தூரம்தான். இன்று நாம் வரலாற்றுப் புதினம் என்று சொல்வதன் நிறைகுறைகள் எல்லாம் அந்தக் காவியத்திலேயே இருக்கின்றன.

கல்வெட்டு சொல்லாத பசி

முதலில் நிறை. வாய்க்கால் ஓரத்தில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் வாத்துகளை, குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன துணி என்று நினைத்துக் காவலர்கள் எடுக்கப் போகிறார்கள். வாத்துகள் பறக்கின்றன, வயலில் நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ராயர் காட்டும் வில்லிபுத்தூரில் இது ஒரு காட்சி. பெரியாழ்வார் வீட்டு விருந்தும் வருகிறது. மழைக்காலத்தில் நல்ல அரிசிச் சோறு, பருப்பு, தாளித்த கறிகள், வற்றல், வடகம், தயிர். கோடைக்கு வேறு பட்டியல், குளிருக்கு வேறு பட்டியல்.

கோயில் கல்வெட்டு அமுதுபடிக்கு இத்தனை நாழி அரிசி, விளக்குக்கு இவ்வளவு நெய் என்று சொல்லும். நிலத்தின் நான்கு எல்லையையும் சொல்லும். சாப்பிட்டவர் முகத்தைச் சொல்லாது. படிப்பவருக்குப் பசி எடுக்க வைப்பது புனைவால் மட்டுமே முடிகிற காரியம். சென்றுபோனவர்களும் மழையில் நனைந்தார்கள், விருந்தாளிக்கு இலை போட்டார்கள் என்று உணர வைப்பதுதான் வரலாற்றுப் புனைவின் முதல் பலம்.

மகனுக்குச் சொன்ன ராஜநீதி

குறையும் அதே காவியத்தில் உண்டு. பெரியாழ்வாருக்குப் பிந்திய யாமுனாசாரியாரின் கதை நடுவில் நுழைகிறது. துறவுக்குப் புறப்படும் அவர், அரசு நடத்துவது எப்படி என்று மகனுக்கு நீண்ட அறிவுரை சொல்கிறார். துறைமுகங்களை வளர்க்க வேண்டும். புயலாலும் நோயாலும் கரை ஒதுங்கும் அயல்நாட்டு மாலுமிகளைப் பேண வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் வணிகர்கள் எதிரி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் விஜயநகரத்தின் கவலை. 1510இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்த பிறகு, கடல்வழி வரும் குதிரை யாருக்குக் கிடைக்கிறது என்பது ராயருக்கு அரியணைப் பிரச்சினை. ஆசாரியர் வாயைத் திறக்கிறார், பேசுவது ராயர்.

பெரியாழ்வார் கதையில் வரும் மதுரைப் பாண்டியன் பெயரும் அப்படித்தான். தமிழ் வைணவ மரபு அவனை வல்லபதேவன் என்கிறது. ராயர் மீன்கொடியை வைத்து மத்ஸ்யத்வஜன் என்கிறார். வரலாற்றறிஞர் சிலர் ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனே அவன் என்று கருதுகிறார்கள். ஒரே அரசனுக்கு மூன்று அடையாளங்கள்.

ஆக, ஒன்பதாம் நூற்றாண்டு வில்லிபுத்தூரை அறிய ‘ஆமுக்தமால்யதா’வைத் திறந்தால் ஏமாற்றம்தான். பதினாறாம் நூற்றாண்டு மன்னன் ஒருவன் எதை விரும்பினான், எதற்கு அஞ்சினான், எதைச் சாப்பிட்டான் என்று அறியத் திறந்தால் அது பொக்கிஷம். எந்த வரலாற்றுப் புனைவும் தான் காட்டும் காலத்தைவிட, தான் எழுதப்பட்ட காலத்துக்கே நம்பகமான சாட்சி.

நந்தினியும் நான்கு பெயர்களும்

தமிழில் இந்த வகைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1895இல் தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’, மதுரைச் சொக்கநாத நாயக்கரை நாயகனாக்கியது. ஆனால் வீடுதோறும் வரலாற்றைக் கொண்டு சேர்த்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ இல்லையென்றால் சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கல்கி வரலாற்றறிஞர்கள் நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்துத்தான் எழுதினார்.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற உடன்பிறந்தாரையும் மலையனூரானையும் குறிப்பிடுகிறது. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. இன்று கேட்டுப் பாருங்கள், கல்வெட்டில் இருக்கும் மலையனூரானை அறிந்தவர் அரிது. கல்வெட்டில் இல்லாத நந்தினிக்காகச் சண்டைக்கு வருபவர் ஏராளம். நல்ல புனைவின் ஆபத்தே அது நன்றாக இருப்பதுதான். மோசமான புதினம் வரலாற்றைக் கெடுப்பதில்லை, யாரும் அதை நம்புவதில்லை.

கல்கியிலும் எழுதிய காலம் தெரிகிறது. விடுதலைப் போரில் சிறை சென்றவர் 1940களின் தொடக்கத்தில் எழுதிய ‘பார்த்திபன் கனவு’ பல்லவர்க்குக் கப்பம் கட்ட மறுக்கும் சோழனைப் பாடியது தற்செயலாக இருக்க முடியாது.

தெற்கத்திக் கணக்கு

வரலாற்றுப் புதினங்களில் சோழருக்கும் பல்லவருக்கும் கிடைத்த இடம் பாண்டியருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் மாவட்டத்துக்காரர்: நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதி. ‘பாண்டிமாதேவி’ எழுதினார், களப்பிரரிடமிருந்து பாண்டியன் கடுங்கோன் மதுரையை மீட்பதை ‘நித்திலவல்லி’யில் சொன்னார். அங்கே இன்னொரு பலவீனம் தலைகாட்டுகிறது. கடுங்கோன் மீட்சிக்கு முக்கிய ஆதாரம் வேள்விக்குடிச் செப்பேடு. அது வென்ற பாண்டியரின் வாரிசு வெளியிட்டது. களப்பிரர் தரப்பைச் சொல்லும் செப்பேடு நம் கையில் இல்லை. ஆதாரம் ஒருதலையாக இருந்தால் புனைவும் ஒருதலையாகிவிடும். வென்றவன் மெய்க்கீர்த்தி வில்லனையும் சேர்த்தே தந்துவிடுகிறது.

இதற்கு மாற்று மருந்து கரிசல் மண்ணிலிருந்து வந்தது. 1976இல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர்களின் கதை. அரசனும் அரண்மனையும் இல்லை. பாட்டி சொன்னதே ஆவணம். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் மத்தியிலும் விஜயநகர காலத்தில் தெற்கே வந்ததாக வழிவழிப் பேச்சு உண்டு. பஞ்சாலைகளும் நாட்டுநாய்களும் தந்த பெயருக்குப் பின்னால் அந்த ஊரில் அப்படியொரு நெடும்பயணத்தின் நினைவு இருக்கிறது. மன்னரைப் பாடும் கல்வெட்டில் இதற்கு இடமில்லை. புனைவு மட்டுமே இடம் கொடுக்கும். ஆனால் வாய்வழிக் கதை தன் குலத்தைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசும் என்பதையும் எழுதுபவர் மறக்கக் கூடாது.

மாலையும் மணியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு சிக்கல்: கதை அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் இன்றும் போகிறது. திருமலை நாயக்கர் (1623–1659) ஆண்டாள் கோயில் பூஜை மணி கேட்ட பிறகே மதுரையில் உணவருந்தினார், அதற்காக வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டினார் என்றும் ஊரில் சொல்வார்கள். நாயக்கர் வரலாறு, அவர் பெயரால் நிற்கும் அரண்மனை வரலாறு, மணியோசை மண்டபம் மண்டபமாகத் தாவி மதுரை சேர்ந்தது வாய்மொழி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவருக்கு நடுவில் கோடு தெரிவதில்லை.

வழிபாட்டில் இருக்கும் ஆண்டாளைப் பற்றிப் பேசுவதன் விலை என்ன என்று 2018 ஜனவரியில் பார்த்தோம். ராஜபாளையத்தில் தினமணி நடத்திய நிகழ்ச்சியில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையை வாசித்தார். அதில் ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்தாண்ட ஒரு கருத்து பக்தர்களைக் கொதிக்க வைத்தது. போராட்டமும் வழக்கும் வந்தன. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். அது புனைவுகூட இல்லை, கட்டுரை. வழிபாட்டில் இருக்கும் ஒருவரைக் கதாபாத்திரமாக்க இன்றைய நாவலாசிரியர் ஏன் தயங்குகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ராயருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவர் பக்தர், போதாக்குறைக்கு அரசர்.

அப்படியானால் என்ன செய்யலாம்? எழுதுபவர் நூலின் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்கி, எது கல்வெட்டு, எது வாய்மொழி, எது தன் கற்பனை என்று சொல்லிவிடலாம். பதிப்பாளர் அந்த நான்கு பக்கத்தைக் காகித விலை பார்த்து வெட்டாமல் இருக்கலாம். ஆசிரியர்கள் புதினத்தைப் பாடமாக வைக்கட்டும், பக்கத்திலேயே கல்வெட்டுப் படியையும் வைக்கட்டும்.

வாசகருக்கு வேண்டுகோள் ஒன்றுதான். ‘ஆமுக்தமால்யதா’ தமிழிலும் கிடைக்கிறது. மொழிபெயர்த்தவர் ராஜபாளையத்துப் பன்மொழி அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. அதற்கு சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் கிடைத்தது. படியுங்கள்; படித்துவிட்டு, ராஜபாளையத்திலிருந்து அரைமணி பஸ் பயணத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளையும் பாருங்கள். வரலாற்றுப் புனைவை ரசிப்பதற்காகப் படியுங்கள். வழக்காடுவதற்குக் கல்வெட்டை எடுங்கள்.